2008 நிதி நிறுவன வீழ்ச்சியைக் குற்றப் படமாக்குதல்: பெயரை மாற்றினால் போதுமா?

வெள்ளவத்தை எழுத்தாளன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பைக் களமாகக் கொண்டு தமிழில் ஒரு முழுநீளக் குற்றப் படத்துக்கான திரைக்கதையை எழுதி வருகிறேன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த நிதி நிறுவன வீழ்ச்சிகளே அதன் அடிப்படை. கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் வைப்பாளர்களுக்கு 2,600 கோடி ரூபா அளவில் கொடுக்க முடியாமல் விழுந்ததும், அதே குழுமத்தைச் சேர்ந்தது என்ற காரணத்தால் செலான் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் பணத்தை மீளப்பெறத் திரண்டதும், டிசம்பர் 29ஆம் திகதி மத்திய வங்கி தலையிட்டு அந்த வங்கியின் நிருவாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

என் கதையில் வரும் நிறுவனம் கற்பனையானது; அதன் கிளையொன்று கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. நிறுவனத் தலைவர், கிளை முகாமையாளர், உறவினர்களின் பணத்தைத் திரட்டிக் கொடுத்துக் கொமிஷன் பெறும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆகிய மூவரே முக்கிய பாத்திரங்கள். தயாரிப்பாளரோ தலைவரையே கதாநாயகனாக்க வேண்டும், அவருடைய வாகனங்களும் விருந்துகளும் வெளிநாட்டுப் பயணங்களும் படத்தின் முற்பாதியை நிரப்ப வேண்டும் என்கிறார். அப்படி எடுத்தால் பணத்தை இழந்தவர்கள் கடைசிக் காட்சியில் வரிசையில் நிற்கும் கூட்டமாக மட்டுமே எஞ்சுவார்கள் என்பது என் அச்சம்.

பெயர்களை மாற்றிவிட்டால் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பது முதற் கேள்வி. வட்டி, வைப்பு, புதுப்பித்தல் என்ற கணக்கு விவகாரத்தை வகுப்பெடுக்காமல் பார்வையாளருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. யாருடைய கண்ணால் கதையைச் சொல்வது என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

தம்பி, முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெயரை மாற்றுவது போதாது.

நம் நாட்டில் அவதூறு இப்போது குற்றவியல் விடயம் அல்ல; தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்த ஏற்பாடுகள் 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. ஆனால் நம் நாட்டின் பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. அதில் நீதிமன்று பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அந்த மனிதரை அறிந்த நியாயமான ஒருவர் படத்தைப் பார்த்தவுடன் இது இன்னார்தான் என்று அடையாளம் கண்டுகொள்வாரா என்பதே அங்கு எழும் கேள்வி. உங்கள் தலைவருக்குக் கடனட்டை நிறுவனம் ஒன்றையும், காப்புறுதி நிறுவனம் ஒன்றையும், வங்கி ஒன்றையும் கொடுத்துவிட்டு, டிசம்பர் மாதத்தில் அந்த வங்கியின் வாசலில் கூட்டத்தையும் நிறுத்தினால், அவருக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் பயன் இல்லை.

பலர் சொன்னது உண்மை என்றால் வழக்கில் வென்றுவிடலாம் என நினைக்கிறார்கள். ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்மை மட்டும் முழுமையான எதிர்வாதம் ஆகாது. அதை வெளியிட்டதில் பொதுநன்மை இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். வைப்பாளரின் பணம் எங்கே போனது என்று காட்டுவதில் பொதுநன்மை இருக்கிறது என வாதிடலாம். தலைவருடைய குடும்பச் சண்டையையும் படுக்கையறையையும் காட்டிவிட்டு அதே வாதத்தை முன்வைப்பது கடினம். ஆக, உங்கள் தயாரிப்பாளர் கேட்கும் விருந்துக் காட்சிகளே சட்டத்தின் கண்ணில் உங்கள் படத்தின் மிகப் பலவீனமான பகுதி.

பல உண்மை மனிதர்களின் இயல்புகளைக் கலந்து ஒரே பாத்திரமாக்குவது நல்ல வழி. ஆனால் அது எழுத்தில் நிரூபிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 'தி வுல்ஃப் ஒஃப் வோல் ஸ்ட்ரீட்' படத்தின் மீது, அந்தப் படம் சொல்லும் பங்குத்தரகு நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய சட்டத்தரணி ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். படத்தில் வரும் ஒரு பாத்திரம் தன்னையே குறிக்கிறது என்பது அவருடைய முறைப்பாடு. அந்தப் பாத்திரம் மூன்று பேரைக் கலந்து உருவாக்கப்பட்டது, பெயரும் மாற்றப்பட்டது, கற்பனை கலந்தது என்ற அறிவித்தலும் படத்தில் உண்டு என்று தயாரிப்புத் தரப்பு காட்டியது. 2018இல் கீழ் நீதிமன்றமும் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தரப்புக்கே சார்பாகத் தீர்ப்பளித்தன. இதை வாசித்துவிட்டு நீங்களும் தைரியம் அடைந்துவிட வேண்டாம். அங்குள்ள பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பு நம்மிடம் அதே அளவில் இல்லை. அதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது நடைமுறையைத்தான்: எந்தப் பாத்திரத்தின் எந்த இயல்பு எந்த மூலத்திலிருந்து வந்தது என்று முதல் வரைவிலிருந்தே குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தீர்ப்பில் தோற்பதைவிட வெளியீட்டுக்கு முதல் நாள் வரும் இடைக்காலத் தடையுத்தரவே படத்தைக் கொல்லும். 2020இல் இந்தியத் தொழிலதிபர்கள் நால்வரைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்று கீழ் நீதிமன்றங்களின் தடையால் வெளிவராமல் நின்று, பிறகு ஒருவரைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்ற மூன்றும் வெளியாயின. அதை வெளியிட்டது பெரிய நிறுவனம், தாக்குப்பிடித்தது. திரையரங்குக்கு முற்பணம் கட்டிவிட்டு நிற்கும் சிறு தயாரிப்பாளர் தாக்குப்பிடிக்க மாட்டார்.

நிலுவையில் உள்ள வழக்குகளைத் தொடுவதாக இருந்தால் 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

கணக்கைப் புரியவைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புரியவைக்க முயலாதீர்கள் என்பதே என் ஆலோசனை. அந்தக் கணக்கைக் கதையின் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 30 சதவீத வட்டி தருவதாகக் கூறி 100 கோடி ரூபாவைத் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் விற்க முடியாத காணிகளிலும், குழுமத்தின் வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களிலும் முடங்கிவிட்டது. வருமானம் எதுவும் இல்லை. வட்டியைப் புதிய வைப்புகளில் இருந்தே கொடுக்க வேண்டும். அப்படியானால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த நிறுவனத்தின் கடன் 371 கோடி. பத்தாம் ஆண்டு முடிவில் 1,379 கோடி. ஒரு ரூபா கூட யாரும் களவெடுக்காவிட்டாலும் தொகை இதுதான். தலைவர் வாங்கிய வாகனங்கள் இந்தத் தொகைக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. இதனால்தான் வாகனங்களையும் விருந்துகளையும் காட்டும் படங்கள் குற்றத்தைத் தவறான இடத்தில் தேடுகின்றன என்று நினைக்கிறேன். இனிமேல் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்த பிறகும் அடுத்த வைப்பை ஏற்றுக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கும் அந்த நொடியில்தான் குற்றம் நிகழ்கிறது. அது தலைவருடைய அறையில் நிகழ்வதில்லை, கிளையின் கருமபீடத்தில் நிகழ்கிறது.

நான் கணக்காய்வு செய்த காலத்தில் ஒரு நிறுவனத்தில், பெயர் தேவையில்லை, காசாளரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கையால் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. அன்று முதிர்வடையும் வைப்புகளின் இலக்கங்கள் அதில் இருந்தன. சில இலக்கங்களுக்கு எதிரே பச்சைப் பேனாவால் சரி அடையாளம் இடப்பட்டிருந்தது. அவர்களுக்குக் காசோலை கொடுக்கலாம். மற்றவர்கள் வந்தால் முகாமையாளரின் அறைக்கு அழைத்துச் சென்று தேநீர் கொடுத்து, இன்னும் அரை சதவீதம் கூடத் தருகிறோம், ஆறு மாதத்துக்குப் புதுப்பியுங்கள் என்று கேட்க வேண்டும். பச்சை அடையாளம் பெற்றவர்கள் யார் என்று பார்த்தேன். ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவர், சட்டத்தரணி ஒருவர், ஒரு பத்திரிகையாளரின் மனைவி. அந்த ஒரு தாளைக் காட்டினால் போதும், பார்வையாளருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

வைப்பாளரைப் பேராசைக்காரராகக் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாட்டின் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. வங்கிகளின் நிலையான வைப்பு வட்டி அதை எட்டவில்லை. பணிக்கொடையை வங்கியில் போட்ட ஓய்வூதியர் ஒருவர் ஆண்டுதோறும் ஏழையாகிக்கொண்டிருந்தார், அதை அவரும் அறிந்திருந்தார். இன்று 30 சதவீதம் என்று கேட்டவுடன் சிரிப்பவர்கள், அன்று அரிசியும் எரிபொருளும் என்ன வேகத்தில் ஏறின என்பதை மறந்துவிட்டார்கள். வைப்புகளை ஏற்பதற்கு 1988ஆம் ஆண்டின் 78ஆம் இலக்க நிதிக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அன்று அனுமதி பெற வேண்டியிருந்தது என்பது இருக்கட்டும், கடனட்டை நிறுவனம் ஒன்றுக்கு அந்த அனுமதி இருக்கிறதா இல்லையா என்று கருமபீடத்தில் நின்று கேட்கும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? ஒழுங்குபடுத்தலை இறுக்கிய நிதித்தொழில் சட்டம் வந்ததே 2011இல்தான்.

அதே 2008 டிசம்பரில்தான் நியூயோர்க்கில், புதியவர்களின் பணத்தில் பழையவர்களுக்குக் கொடுத்துவந்த முதலீட்டு மோசடிக்காரர் பேர்னார்ட் மேடொஃப் கைதானார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. நெருக்கடிக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் காசைக் கேட்பார்கள், பொய்க்கணக்கு தாங்கமுடியாதது அதை மட்டும்தான்.

மருதானை வாசகர் எழுதியது:

எனக்கு முற்றிலும் வேறு கருத்து. 2008ஐ விட்டுவிட்டு மத்திய வங்கிப் பிணைமுறி, அதாவது அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திர, விவகாரத்தை எடுங்கள். அதற்கான பொருள் முழுவதும் பொதுவெளியில் இருக்கிறது. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி 100 கோடி ரூபாவுக்கு என்று விளம்பரம் செய்யப்பட்ட முப்பதாண்டுப் பிணைமுறி ஏலத்தில் 1,000 கோடிக்கும் சற்று மேலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் பெரும் பங்கைப் பெற்ற முதனிலை வணிகர் நிறுவனத்துக்கும் (ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற நிறுவனம்) மத்திய வங்கியின் அன்றைய ஆளுநருக்கும் குடும்ப உறவு இருந்தது. நீதியரசர் கே.ரி. சித்ரசிறி தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழு 2017ஆம் ஆண்டு முழுவதும் விசாரித்து டிசம்பர் 30ஆம் திகதி அறிக்கையைக் கையளித்தது. வணிக அறையின் தொலைபேசி உரையாடல் பதிவுகள் ஆணைக்குழுவின் முன் ஒலிக்கவிடப்பட்டன. ஒரு திரைக்கதையாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? உரையாடலே தயாராக இருக்கிறது. அமைச்சர் ஒருவர் தன் வீட்டு வாடகை பற்றிய சாட்சியத்துக்குப் பிறகு பதவி விலகிய காட்சியும் இருக்கிறது. கோட்டை, ஜனாதிபதி மாவத்தை, உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் என்று களமும் பிரமாண்டமானது.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

மருதானை அன்பருக்கு: ஆவணம் நிறைய இருப்பது உண்மை, ஆனால் அந்தக் கதையில் அழுவதற்கு ஆள் இல்லை. பணத்தை இழந்தவர்களில் முதன்மையானது ஊழியர் சேமலாப நிதியம்; அதாவது ஏலத்தில் வாங்கியவர்கள் மறுபடி விற்கும் இரண்டாந்தரச் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியதன் இழப்பு நாட்டின் தனியார்துறை ஊழியர் அனைவரின் தலையிலும் மெல்லியதாகப் பரவிவிட்டது. தன் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்று ஒரு தையல் தொழிற்சாலை ஊழியருக்கு இன்றுவரை தெரியாது. பணம் போனதையே உணராதவரை வைத்து எப்படிக் காட்சி அமைப்பீர்கள்? ஆய்வுக் கட்டுரைக்கு அது உகந்தது. படத்துக்கு, தன் கையெழுத்தைத் தானே இட்டுவிட்டு வீடு திரும்பிய மனிதர் வேண்டும்.

மருதானை வாசகர் எழுதியது:

அந்தத் தையல் தொழிற்சாலை ஊழியரே என் கதாநாயகி. தெரியாமல் போவதுதானே மிகப் பெரிய மோசடி? ஆனால் முதற்படம் என்ற வகையில் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அரசியல்வாதிகளின் பெயரைத் தொட்டால் தணிக்கைச் சபையிலேயே படம் ஓராண்டு நிற்கும்.

வெள்ளவத்தை எழுத்தாளன் எழுதியது:

பச்சை அடையாளம் இட்ட பட்டியலை, ஐயாவின் அனுமதியோடு, கதையில் சேர்க்க விரும்புகிறேன். முகவராக வரும் ஆசிரியரே மையப் பாத்திரம் என்று முடிவு செய்துவிட்டேன். வைப்பாளருக்குத் தலைவரைத் தெரியாது, தலைவருக்கு வைப்பாளரைத் தெரியாது. இருவரையும் அறிந்தவராக நடுவில் நின்று நம்பிக்கையை இடம் மாற்றியவர் அவர்தான். தயாரிப்பாளரிடமும் இதைக் கூறிவிட்டேன். அவர் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்ததாக, 2008ஆம் ஆண்டுக் கொழும்பைக் குறைந்த செலவில் காட்டுவது எப்படி என்று யாராவது கூறினால் உதவியாக இருக்கும்.

கலைப்பிரிவு உதவியாளர் எழுதியது:

இங்கே சில சிங்களப் படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் கலைப்பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2008 என்பது சிக்கலான காலம். பழையது என்று சொல்ல முடியாத அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் எதைப் படமெடுத்தாலும் பின்னால் புதியது ஒன்று வந்து நின்றுவிடும்.

முதலில் வானத்தைக் கவனியுங்கள். தாமரைக் கோபுரம் 2019இல் திறக்கப்பட்டது. மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ மொட்டைமாடிக் காட்சி வைத்தால் அது எட்டிப் பார்க்கும். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்தபடி இருவர் பேசும் காட்சியை எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். துறைமுக நகருக்கான கடல் நிரப்பும் பணி 2014இல்தான் தொடங்கியது. உங்கள் பாத்திரங்கள் வடக்கே திரும்பிப் பார்க்கும் இடத்தில் 2008இல் வெறும் கடல்தான் இருந்தது. கணினியில் அழிக்கலாம், அதற்குச் செலவாகும். செட்டியார் தெருவின் நகைக்கடை வரிசையும் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களும் பெயர்ப்பலகைகளை மாற்றினால் ஏறக்குறைய அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

அடுத்தது பணம். மோசடிப் படம் என்றால் மேசையில் காசுக்கட்டுகளை அடுக்கிக் காட்ட எல்லோருக்கும் ஆசை வரும். 5,000 ரூபாத் தாள் புழக்கத்துக்கு வந்தது 2011இல். 2008இல் ஆகப் பெரிய தாள் 2,000 ரூபா. அன்றைய 1,000, 500 ரூபாத் தாள்களின் வடிவமும் இப்போதையது அல்ல. ஐந்து இலட்சம் ரூபாவை ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பதாக நீங்கள் எழுதியிருந்தால், ஆயிரம் ரூபாத் தாள்களில் அது ஐந்து கட்டுகள். கடைத்தெருவில் வாங்கிய துணிப்பை ஒன்று வேண்டும். அந்தப் பையையே நான் படத்தில் தொடர்ந்து பயன்படுத்துவேன். படப்பிடிப்புக்கு என்று நாணயத்தாள்களை அச்சிடக் கிளம்பிவிட வேண்டாம். மத்திய வங்கியின் அனுமதியின்றி அவற்றின் உருவை மறுபதிப்புச் செய்வது குற்றம். கட்டின் மேலும் கீழும் மட்டும் உண்மைத் தாளை வைத்து நடுவில் வெற்றுத் தாள் அடுக்குவது பழைய வழக்கம், இன்றும் அதுவே சிறந்தது.

தேசிய அடையாள அட்டையைக் கிட்டக் காட்டுவதாக இருந்தால் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும். பன்னிரண்டு இலக்க அட்டை 2016இல்தான் வந்தது. வைப்புப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். முகாமையாளர் சிங்களத்தில் பேச, முகவர் அதைத் தமிழில் சுருக்கிச் சொல்ல, வாசிக்க முடியாத படிவத்தில் ஓர் அம்மா கையெழுத்து வைப்பதைக் கொழும்பில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள்.

கடைசியாக, போரை மறந்துவிடாதீர்கள். 2008 டிசம்பரில் கொழும்பில் ஒரு தமிழர் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு நிதி நிறுவனத்துக்குப் போய்த் திரும்புவது என்றால் இடையில் குறைந்தது ஒரு சோதனைச்சாவடி உண்டு. வெள்ளவத்தை விடுதிகளில் தங்கியிருந்தவர்களிடம் பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது. 2007 ஜூனில் விடுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பிய நிகழ்வும், உயர் நீதிமன்றம் அதை நிறுத்திய நிகழ்வும் அப்போது ஒன்றரை ஆண்டுப் பழசு. துணிப்பையில் ஐந்து இலட்சத்துடன் சாவடியில் நிற்கும் முதியவரிடம் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? திகில் காட்சி வேண்டும் என்று உங்கள் தயாரிப்பாளர் கேட்டால் இதைக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

எங்கள் குடும்பத்தின் பணமும் அந்த ஆண்டில் போனது. எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. அம்மா பாடசாலை ஒன்றில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். பணிக்கொடையின் பெரும்பகுதியை அங்கே வைப்பிலிட்டார். மாதாமாதம் வந்த வட்டியில் தம்பியின் கணக்கியல் வகுப்புக் கட்டணம் கட்டப்பட்டது. எங்களை அங்கே அழைத்துச் சென்றவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். நாங்கள் அவரைப் பெரிய மாமா என்போம்.

நீங்கள் முகவரை மையமாக வைப்பது சரியானது. அவரை வில்லனாக்கிவிட வேண்டாம் என்று உங்களிடம் கேட்கவே எழுதத் தொடங்கினேன். எழுதும்போது வேறொன்றும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பெரிய மாமா தன் மகளின் சீதனப் பணத்தையும் அங்கேதான் போட்டிருந்தார், அதுவும் போய்விட்டது. ஆகவே அவர் எங்களை ஏமாற்றவில்லை. ஆனால் எங்கள் வைப்புக்காக அவருக்குக் கொமிஷன் கிடைத்தது என்பதை அவர் ஒருபோதும் கூறவில்லை, நிறுவனம் மூடிய பிறகு வேறொருவர் வாயிலாகவே தெரிந்தது. அம்மா பணம் போனதை ஓரளவு தாங்கிக்கொண்டார். அந்தக் கொமிஷனைத்தான் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. உங்கள் ஆசிரியரை முழுக்க நல்லவராக எழுதினாலும் எங்களைப் போன்றவர்கள் நம்பமாட்டோம்.

இன்னொரு விடயம். நிறுவனம் மூடப்பட்டதோடு படம் முடிந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள், வைப்பாளர் சங்கம், கோரிக்கைப் படிவங்கள், நீதிமன்றத் தவணைகள், சிறுசிறு துண்டாக வந்த கொடுப்பனவுகள் என்று இழுபட்டது. கூட்டங்களில் அம்மாவுக்குப் பக்கத்தில் வழக்கமாக அமர்ந்த சிங்கள அம்மா ஒருவர் தன் வைப்புச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் போட்டு, அதைப் புடவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். இருவருக்கும் பொதுமொழி என்று அதிகம் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒருவர் இடம் பிடித்து வைத்தார்கள்.

வெள்ளவத்தை எழுத்தாளன் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. கொமிஷனைப் பற்றி நீங்கள் கூறியது என் இரண்டாம் பாதியை மாற்றிவிட்டது. அன்று முகவராக இருந்த ஒருவர் என்னுடன் பேசச் சம்மதித்திருக்கிறார். அவர் கூறுவதைப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்? நீதிமன்றத் தீர்ப்புகளின் வாசகங்களை வசனமாக வைக்கலாமா?

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

தீர்ப்பை எடுத்தாள்வதில் பதிப்புரிமைத் தடை இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சட்ட, நிருவாகத் தன்மையுள்ள உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை, அன்றாடச் செய்திக்கும் அளிப்பதில்லை. ஆனால் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய புலனாய்வுக் கட்டுரையின் நடையும் அமைப்பும் அவருடையவை; அதைத் தழுவினால் உரிமை வாங்க வேண்டும். அரச நிறுவனங்களிடம் உள்ள ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தாலும் கோப்பில் வையுங்கள், நீங்கள் முறையாகத் தேடினீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

அந்த முன்னாள் முகவரிடம் பேசும் முன் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். அவர் கூறியதை மாற்றவும், வேறு பாத்திரத்துக்குக் கொடுக்கவும், கற்பனை சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். அவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அவருடைய சட்டத்தரணி இல்லாமல் பேச வேண்டாம். பணம் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கொடுத்தால் இங்கே வைப்பாளர் சங்கம் என்ன சொல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மோசடிக் குற்றவாளி ஒருவரின் கதையை வாங்க நெட்ஃபிளிக்ஸ் 320,000 டொலர் கொடுத்தபோது நியூயோர்க் மாநிலம் அந்தக் கணக்கை முடக்கி, வங்கிகளுக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுக்கச் செய்தது.

தயாரிப்பாளருடனான ஒப்பந்தத்தில் பணத்தின் மூலம் பற்றிய உறுதிமொழி ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் முன்பு குறிப்பிட்ட அந்த அமெரிக்கப் படத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு மலேசியாவின் 1எம்டிபி என்ற அரச முதலீட்டு நிதியத்திலிருந்து திருடப்பட்ட பணம் வந்தது என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2018இல் 60 மில்லியன் டொலர் கொடுத்து அந்த நிறுவனம் அதை இணக்கமாகத் தீர்த்துக்கொண்டது. உங்கள் படத்துக்குப் பணம் போடுபவர் 2008இல் எந்த நிறுவனத்தோடு தொடர்புபட்டிருந்தார் என்று கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. திரைக்கதையின் இறுதி வரைவைச் சட்டத்தரணி ஒருவர் வரிவரியாக வாசிப்பதற்கான கட்டணத்தையும் இப்போதே வரவுசெலவில் போட்டுவிடுங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒரு காட்சியை வெட்டுவதைவிட அது மலிவு.